காற்றுப் புகாத தாலிப் பெட்டி

கோவில்பட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மந்திரமூர்த்திக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. கடையை அடைத்ததும் மாடிக்குப் போய் மரம் இழைப்பது ஒன்று. அடுத்தவன் இழைத்த மரத்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது இன்னொன்று. முதல் பழக்கத்தால் தூசி கூட்டுகிற அவர் மனைவி ஆவுடையம்மாளைத் தவிர வேறு யாருக்கும் தொந்தரவு கிடையாது. இரண்டாவது பழக்கம் ஊர் உலகத்துக்கே தொந்தரவு.

ஃபேஸ்புக்கில் ‘இழைப்புளி நண்பர்கள்’ என்று ஒரு குழு இருக்கிறது. மரவேலைக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஊர் ஊராக இருந்துகொண்டு அதில் கூடியிருக்கிறார்கள். எவனாவது மாங்குமாங்கென்று உட்கார்ந்து ஒரு பெட்டியைச் செய்து, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து ஆசையாகப் போடுவான். அருமை, சூப்பர், கைதட்டல் பொம்மை எல்லாம் வரிசையாக வந்து விழும். எல்லாவற்றுக்கும் கீழே மந்திரமூர்த்தி இரண்டே வார்த்தை எழுதுவார்: “இடைவெளி தெரியுது.” மரமும் மரமும் சேர்கிற இடத்தில் மயிரிழை விலகியிருந்தாலும் அந்தக் கண்ணாடிக்கடைக் கண்ணுக்குத் தப்பாது. போட்டோ போட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சாம் அப்படிச் சோறு இறங்காமல் போனவர்களில் ஒருவன்தான். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் பட்டறை வைத்திருக்கிறான். மற்றவர்கள் மாதிரி ‘உங்க கண்ணாடிய மாத்துங்க சார்’ என்று சண்டைக்கு வரவில்லை. செய்ததைப் பிரித்துத் திரும்பச் செய்து, திரும்பவும் போட்டோ போட்டான். திரும்பவும் அதே இரண்டு வார்த்தை வந்தது. திரும்பவும் பிரித்தான். கடைசியில் ஒருநாள் மந்திரமூர்த்தி ஒன்றும் எழுதாமல் சும்மா இருந்தார். அதைப் பெரிய விருதாக எடுத்துக்கொண்டு போனில் கூப்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் ஓயாத பேச்சு. நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அந்தச் சாமுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஆலங்குளத்துக்காரி, பேர் ஜாய். கல்யாணம் அவள் ஊர்க் கோவிலில் (சர்ச்சை அந்தப் பக்கம் கோவில் என்றுதான் சொல்வார்கள்), ஆடி மாதத்தில். கிறிஸ்தவர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? மண்டபம் சல்லிசாகக் கிடைக்கிறதே.

“அண்ணாச்சி, குழுவுல எல்லாரையும் வரச் சொல்லிருக்கேன். இதுவர ஒருத்தர ஒருத்தர் பாத்ததில்லல்லா. ஆனா உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்” என்றான் சாம். “தாலி வைக்கதுக்கு ஒரு பெட்டி வேணும். அத நீங்கதான் செஞ்சு தரணும்.”

போனை வைத்துவிட்டு மந்திரமூர்த்தி சுவரைப் பார்த்தபடி நின்றார். ஆவுடையம்மாள் பதறிப்போய் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தாள்.

“என்னங்க, யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?”

“சாமு என்கிட்ட பெட்டி செஞ்சு கேக்கான்ட்டி.”

“கேட்டானா? அவனா, வாயத் தொறந்தா?”

அவளுக்கும் நம்ப முடியவில்லை. இந்த மனுஷன் செய்த முக்காலியும் பலகையும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் போயிருக்கின்றன. வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் ஒருத்தர் இல்லை. இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அப்புறம் கேட்க வேண்டுமா? கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவர்களை எல்லாம் ‘கண்ணு நல்லாத்தான் இருக்கு, போங்க’ என்று விரட்டிவிட்டு மாடியே கதி என்று கிடந்தார். பூவரசு மரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெட்டி. அஞ்சறைப்பெட்டிக்கு இருக்குமே, அதுபோல இரண்டு பக்கமும் பள்ளம் எடுத்து அதில் வழுக்கிக்கொண்டு போகிற மூடி. மூடியை இழைத்தார், போட்டுப் பார்த்தார், கழற்றினார், இழைத்தார். ஒருநாள் மூடியைத் தள்ளினால் உள்ளேயிருந்த காற்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மந்திரமூர்த்தி கண் கலங்கிவிட்டார். தங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் கலங்கவில்லை என்று ஆவுடையம்மாள் இன்றுவரைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் காரில் கிளம்பினார்கள். ஆடி வந்தும் கோவில்பட்டியில் வெயில் வீட்டைக் காலி பண்ணுவதாக இல்லை. தீக்குச்சி காய்வதற்கென்றே ஏற்பட்ட ஊர் அது. பெட்டி ஆவுடையம்மாள் மடியில் உட்கார்ந்திருந்தது. அவளுக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தார்.

கழுகுமலை வந்ததும், “கொஞ்சம் மூடிய இழுத்துத் தள்ளு, சத்தத்த கேப்போம்” என்றார். ஸ்ஸ்ஸ். சங்கரன்கோவிலில் கோபுரம் தெரிந்தது. “ஒரு கும்பிடு போடுங்க” என்று அவள் சொல்ல, “மூடிய தள்ளு” என்று இவர் சொன்னார். ஸ்ஸ்ஸ். டீக்கடையில் நிறுத்தி டீ ஆற்றுகிறவரைக் கூப்பிட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துத் தள்ளிக் காட்டினார். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “உள்ள பாம்பு கீம்பு இருக்கா அண்ணாச்சி?” என்றார்.

சங்கரன்கோவிலைத் தாண்டியதும் மந்திரமூர்த்தி வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தொண்டையைச் செருமினார்.

“ஆவுடை, அங்கன எல்லாரும் வந்திருப்பாவ. நான் எழுதுனத எல்லாம் மனசுல வச்சிருப்பாவளோ?”

“வைக்காம? ஒருத்தருக்காவது நல்ல வார்த்த எழுதிருக்கியளா?”

“உள்ளதத்தான எழுதுனேன்.”

“அதுக்குத்தான் கேக்கேன். இப்ப பயந்து என்ன செய்ய? மூஞ்சிய பாத்தா பாவம்னு விட்டுருவாவ, சும்மா ஓட்டுங்க.”

அவர் பயம் நிஜமான பயம். கடையில் வருகிற கூட்டம் கண்ணைக் காட்டிவிட்டுப் போகிற கூட்டம். மரத்தைப் பற்றிப் பேச அவருக்கு உலகத்தில் இருந்தது இந்தக் குழு மட்டும்தான். முகம் தெரியாத அந்த மனிதர்கள் தன்னைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பெட்டியைப் பார்த்தால் மன்னித்துவிடுவார்கள் என்று நம்பினார். பெட்டி ஒன்றுதான் கையில் இருந்தது.

சுரண்டையைத் தாண்டியதும் காற்று மாறியது. மேற்கே மலையைக் காணோம், மேகம்தான் இருந்தது. கண்ணாடியில் பொடிப்பொடியாகத் தூறல் விழ ஆரம்பித்தது. ஆவுடையம்மாள் ஜன்னலை இறக்கி முகத்தை நீட்டிக்கொண்டாள். மந்திரமூர்த்தி, “மூடிய தள்ளு” என்றார். அவள் தள்ளினாள்.

“என்னங்க, கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “பாத்தியாட்டி! போகப் போக இன்னும் நல்லால்லா பொருந்துது!”

இதே ஆள்தான் போன வருஷம் குழுவில் ‘நண்பர்களே, மழைக்காலத்தில் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், கவனம்’ என்று முழ நீளத்துக்குப் பதிவு போட்டவர். அதைப் படித்து நூறு பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனுக்குத் தன் பெட்டியும் மரம்தான் என்பது மறந்துபோனது. என்னத்தைச் சொல்ல?

மேலகரத்தில் சாம் வீட்டு வாசலில் பந்தல் சொட்டிக்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கியதுமே ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். செங்கோட்டை நஸீபா. கடைசல் மெஷினில் பம்பரம், பூரிக்கட்டை எல்லாம் கடைகிறவள். அவள் கடைந்த குங்குமச்சிமிழுக்கு இவர் ‘மூடி ஆடுது’ என்று எழுத, ‘ஆடட்டும் சாரே, சந்தோஷமா இருக்கு’ என்று பதில் போட்டவள்.

“எந்தா சாரே, நீங்கதானா அந்த இடைவெளி?”

மந்திரமூர்த்தி ஆவுடையம்மாளைப் பார்த்தார். அவள் மேகத்தைப் பார்த்தாள்.

பந்தலுக்குள்ளிருந்து அடுத்தவர் எழுந்து வந்தார். “நான் வெங்கடேஸ்வரன். பெங்களூர். பூர்வீகம் இந்தத் தென்காசிதான்” என்றார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெளிநாட்டு இழைப்புளிகளை அலமாரி நிறைய வாங்கி அடுக்கியிருக்கிறார். செய்தது என்னவோ ஒரே ஒரு முக்காலி. “என் முக்காலிக்கு எழுதினேளே, ஞாபகம் இருக்கா சார்? அன்னிக்கே ஆத்துக்காரி அதைத் தூக்கி பால்கனியில போட்டுட்டா. இன்னிவரைக்கும் துளசிச் செடிதான் அதுல உக்காந்துண்டிருக்கு.”

நல்ல வேளை, சாம் ஓடி வந்தான். போட்டோவில் பார்த்ததைவிட உயரம். வந்த வேகத்தில் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். “அண்ணாச்சி வந்துட்டாவ! மதினி, உள்ள வாங்க. ஏ அம்மா, இங்கன யாரு வந்திருக்கான்னு பாரு!”

பெட்டியைத் துணியிலிருந்து பிரித்து மேஜைமேல் வைத்ததும் பேச்சு நின்றது. நஸீபா குனிந்து மோந்து பார்த்தாள். வெங்கடேஸ்வரன் கல்யாணப் பத்திரிகையின் முனையை எடுத்து மூடியின் ஓரத்தில் நுழைக்கப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். நுழையவில்லை. “ஒரு தலைமுடி போகாது சார் இதுல!” என்றார் அழுகிற குரலில்.

நஸீபா நிமிர்ந்தாள். “சாரே, எழுதலாம்னு தேடித் தேடிப் பாத்தேன். இடைவெளி தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். மந்திரமூர்த்தியும் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தன்னை விரட்டிவிட மாட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சந்தோஷத்தில் ஆவுடையம்மாளுக்குக் கொடுத்த காப்பியையும் சேர்த்துக் குடித்துவிட்டார்.

சாமின் அம்மா சுகிர்தம் தாலியைக் கொண்டுவந்தாள். மஞ்சள் கயிற்றில் கோத்த, சிலுவை போட்ட தாலி. கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடியைத் தள்ளினாள். பாதியில் நின்றது.

“அண்ணாச்சி, போவ மாட்டேங்கே.”

“புது மூடில்லா, அப்படித்தான் இருக்கும். தள்ளுங்க, நான் பாக்கேன்.” உள்ளங்கையை வைத்து ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். ‘டக்’கென்று போய் உட்கார்ந்தது. “இனிமே இத எவனும் அசைக்க முடியாது!” என்றார் பெருமையாக.

அந்த வாய்க்கு யாராவது அப்போதே ஒரு பூட்டைப் போட்டிருக்கலாம்.

குற்றாலத்தில் லாட்ஜ். ராத்திரி முழுக்கச் சாரல். காயப்போட்ட துண்டு இன்னும் ஈரமாகிக்கொண்டிருந்தது, தலையணை சில்லிட்டது. காலையில் மந்திரமூர்த்தி அருவிக்குப் போனார். கல்யாணத்துக்குத்தான் நேரம் இருக்கிறதே என்று எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கல்லில் குப்புறக் கிடந்தார். முதுகில் தொப்தொப்பென்று அடி விழுந்துகொண்டிருந்தபோது ஆவுடையம்மாள் குடையோடு வந்து போனை அவர் காதில் வைத்தாள்.

“அண்ணாச்சி, பெட்டி தொறக்க மாட்டேங்கு” என்றான் சாம்.

“அது நாசூக்கா இழுக்கணும்டே. மொரட்டுத்தனமா இழுக்கக் கூடாது.”

“நாசூக்கா இழுத்துப் பாத்தாச்சி. மாமா கதவுல முட்டுக் குடுத்தும் இழுத்துப் பாத்தாவ.”

மந்திரமூர்த்தி எழுந்து உட்கார்ந்தார். தலைக்கு மேலே பொடித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாந்து அதைப் பார்த்தார். போன வருஷம் போட்ட முழ நீளப் பதிவு வரிக்கு வரி ஞாபகம் வந்தது.

“ஐயையோ” என்றார்.

“இன்னும் கால் தேய்க்கல சார்” என்றார் எண்ணெய்க்காரர்.

அருவியில் தலையை ஒரு தடவை காட்டிவிட்டு, பாதி எண்ணெயோடு மேலகரத்துக்குப் பறந்தார். பெட்டியைப் பிடித்தால் கை வழுக்கியது. சுகிர்தம் கல்யாணப் பட்டுச் சேலையோடு எதிரே நின்றாள்.

“கைய தொடச்சிட்டு வாங்க அண்ணாச்சி” என்றாள். குரலில் நேற்றைய சர்க்கரை இல்லை.

கையைத் துடைத்துவிட்டு இழுத்தார். பெட்டியும் மூடியும் ஒரே மரத்தில் முளைத்த மாதிரி இருந்தன. வெங்கடேஸ்வரன் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கும் என்றார். மெழுகு நுழைய இடம் வேண்டுமே? ஈரத்தில் விழுந்த போனை அரிசியில் வைப்பார்களே, அதுமாதிரி செய்யலாம் என்று நஸீபா சொன்னாள். பெட்டியைச் சமையல் அரிசி மூட்டையில் புதைத்தார்கள். ‘எவம்லே பொங்கல் அரிசில கை வச்சது?’ என்று சமையல்காரர் கரண்டியோடு வந்ததும் எடுத்துவிட்டார்கள். வீட்டில் தலைமுடி காயவைக்கிற மெஷின் இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். அது ஆலங்குளத்தில் பெண்ணின் தலையில் இருந்தது.

சாம் கோட்டும் டையுமாகப் பட்டறைக்குள் போய்ச் சின்ன ரம்பத்தை எடுத்துவந்தான். முகம் வெளுத்திருந்தது. “அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. ஒரு ஓரத்த மட்டும் அறுத்திருதேன்.”

“அறு” என்றார் மந்திரமூர்த்தி. அறுக்கத் தோதாகப் பெட்டியை அவரே பிடித்துக்கொண்டார்.

சுகிர்தம் குறுக்கே வந்து நின்றாள். “நாங்க சகுனம் கிகுனம் பாக்கவங்க இல்ல. கர்த்தர் பாத்துக்கிடுவாரு. ஆனா கல்யாணத்தன்னைக்கு தாலிப் பெட்டி மேல ரம்பம் வைக்க நான் விடமாட்டேன். செஞ்சது யாரு? அமுக்குனது யாரு? அவரு தொறக்கட்டும்.” அப்புறம் மந்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். “கோவில்ல தாலி எங்கன்னு குருவானவர் கேக்கும்போது என் கைல தாலி இருக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா அந்தப் புள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” சொல்லி முடிக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மந்திரமூர்த்திக்குத் திட்டுகூடத் தாங்கியிருக்கும், அது தாங்கவில்லை.

பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்துவிட்டார். ஆவுடையம்மாள் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே சும்மா சொன்னாள்: “நேத்து சுரண்ட வரைக்கும் நல்லாத்தான் தொறந்துச்சு. அதுக்கு இந்த ஊரு பிடிக்கல போலுக்கு.”

மந்திரமூர்த்தி துள்ளி எழுந்தார். “சாம்! ஆலங்குளத்துல மழையா வெயிலா? கேளு!”

சாம் பெண் வீட்டுக்குப் போன் போட்டான். ஜாயின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. “இங்கனயா? வெயில் மண்டையப் பொளக்கு. மேக்கப்பெல்லாம் வழியுது. எதுக்குக் கேக்கிய?”

சாரல் பாவூர்சத்திரம் வரைக்கும்தான் போகும். அந்தப் பக்கம் ஆடிக் காற்றும் வெயிலும்தான், அதில் உப்பின மரம் சுருங்கிவிடும். “மாப்பிள்ள காரு முன்னால போட்டும். பெட்டி என் கார்ல வருது” என்று மந்திரமூர்த்தி கிளம்பினார். வெங்கடேஸ்வரனும் நஸீபாவும் தாங்களாகவே ஏறிக்கொண்டார்கள்.

கோவில்பட்டிக்காரர் காரில் ஹீட்டரை யாராவது போடுவார்களா? வாங்கின நாளிலிருந்து தொடாத அந்தப் பொத்தானை முழுக்கத் திருப்பினார். கருகிய வாடையோடு அனல் வந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஈரக்காற்று உள்ளே வரக் கூடாது. பெட்டியை அனல் வருகிற வாய்க்கு நேராக ஆவுடையம்மாள் இரண்டு கையாலும் ஏந்தினாள். பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக நாலு பேரும் இட்லி மாதிரி வெந்தார்கள்.

“சார், நான் கடைசியா இப்படி வேர்த்தது அந்த முக்காலி பண்றச்சேதான்” என்றார் வெங்கடேஸ்வரன்.

“நல்ல முக்காலிதான் சார் அது” என்றார் மந்திரமூர்த்தி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு கால்லதான் இத்துணூண்டு. அத எழுதாம இருந்திருக்கலாம்.”

வெங்கடேஸ்வரன் பின்சீட்டிலிருந்து எக்கிக் கைக்குட்டையால் பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார்.

பாவூர்சத்திரத்தைத் தாண்டியதும் தூறல் நின்றது. ரோடு காய்ந்து வெளுத்தது. காற்றாலைக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆலங்குளத்தில் கோவில் வாசலில் இறங்கும்போது உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டிருந்தது. மூடி அசையவில்லை. சுகிர்தம் வாசலிலேயே நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், இவர்கள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்க் குருவானவரின் காதில் என்னவோ சொன்னாள்.

அவர் பிரசங்கத்தை நீட்டுவதில் பேர்போனவர். ஐயா, கொஞ்சம் சுருக்கமா முடிங்க என்றுதான் அவரிடம் எல்லாக் கல்யாண வீட்டுக்காரர்களும் கெஞ்சியிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆள் ‘கொஞ்சம் கூடப் பேசுங்கய்யா’ என்று கேட்டுவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆதாம் ஏவாளில் ஆரம்பித்தார்.

வெளியே பெட்டி காரின் பானெட் மேல் வெயிலில் இருந்தது. கீழே என்ஜின் சூடு, மேலே வெயில், பக்கத்தில் ஆடிக் காற்று. நாலு பேரும் சுற்றி நின்றார்கள். உள்ளே மைக்கில் நோவாவின் பேழை வந்தது. கோவில் பெஞ்சுகளில் கொட்டாவி தொடங்கியது. மந்திரமூர்த்தி மூடியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். இல்லை. ஆபிரகாம் வந்தார். இல்லை. இயேசுவே போன கானாவூர்க் கல்யாணம் வந்துவிட்டது. கல்யாணப் பிரசங்கத்தில் அதற்கு அந்தப் பக்கம் போகக் குருவானவருக்கும் இடமில்லை.

மந்திரமூர்த்தி கார் டிக்கியைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். “அந்தம்மா திட்டுனா திட்டட்டும். தாலிதான் முக்கியம்.” இதைவிட நல்ல பெட்டியைத் தன்னால் இனி செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். உளியை மூடியின் ஓரத்தில் வைத்தார். கண்ணாடியில் வேர்வை வழிந்து ஒன்றும் தெரியவில்லை, அது வேர்வைதானா என்றும் தெரியவில்லை.

ஆவுடையம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “பொறுங்க. இன்னும் ஒரே ஒரு தடவ தள்ளிப் பாப்போம். எல்லாரும் பிடிங்க.”

நஸீபா பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். வெங்கடேஸ்வரன் நஸீபா சாயாமல் அவள் தோளில் மாட்டியிருந்த பையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடையம்மாளும் மந்திரமூர்த்தியும் உள்ளங்கையை ஒன்றின் மேல் ஒன்று வைத்து மூடியைத் தள்ளினார்கள். மரம் ‘கிறீச்’ என்றது. விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பிளவு விழுந்து, அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

உள்ளே குருவானவர் பிரசங்கத்தை முடித்து, எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமாக ஜெபிப்போம் என்று சொல்லியிருந்தார். கோவிலே ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் வெளியேயிருந்து ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது:

“இடைவெளி தெரியுது! ஏட்டி ஆவுடை, இடைவெளி தெரியுது!”

குழுவிலிருந்து வந்திருந்தவர்கள் பெஞ்சு பெஞ்சாகக் குலுங்கினார்கள். சாம் தலையைக் குனிந்து கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். பக்கத்தில் முக்காட்டுக்குள் ஜாய், “என்ன தெரியுதாம்?” என்று கேட்டது மைக்கில் விழுந்தது.

ஆவுடையம்மாள் தன் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தி அந்த இடைவெளிக்குள் விட்டாள். துழாவினாள். மஞ்சள் கயிறு மாட்டியது. மெல்ல, மெல்ல, ஜாயின் தாலி வெயிலுக்கு வந்தது. மந்திரமூர்த்தி அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு செருப்பை வாசலில் உதறிவிட்டு, எண்ணெய்த் தலையும் வேர்வையில் நனைந்த வேட்டியுமாகக் கோவில் நடுவே ஓடினார். சுகிர்தம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். திட்டவில்லை. அவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இருங்க அண்ணாச்சி” என்றாள். குருவானவர் தாலி எங்கே என்று கேட்டார், சாம் அதைக் கட்டினான்.

மத்தியானம் பிரியாணி முடிந்து எல்லோரும் ஆலங்குளம் மண்டபத்தில் சாய்ந்திருந்தார்கள். சாம் பெட்டியைக் கொண்டுவந்து மந்திரமூர்த்தியின் முன்னால் வைத்தான். வெயிலில் இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்ததால் சாம் இழுக்க மூடி முழுசாக வந்துவிட்டது. “அண்ணாச்சி, இது இனிமே மேலகரத்துலதான் இருக்கப் போவுது. அந்த ஊருக்குத் தக்கன ரெண்டு இழைப்பு இழைச்சுக் குடுங்க.”

வெங்கடேஸ்வரன் பையிலிருந்து வெல்வெட் துணியில் சுற்றிய இழைப்புளியை எடுத்து நீட்டினார். பெங்களூரிலிருந்து காட்டுவதற்காகக் கொண்டுவந்தது, இதுவரை ஒரு மரத்தைத் தொட்டதில்லை. மந்திரமூர்த்தி மூடியின் இரண்டு ஓரத்தையும் இழைத்தார். நஸீபா விழுந்த சீவலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டாள். மூடியைத் திரும்பப் போட்டுத் தள்ளியபோது ‘ஸ்ஸ்ஸ்’ வரவில்லை. லேசாக லொடலொடவென்று போய் மூடிக்கொண்டது.

“ஆடுது சாரே” என்றாள் நஸீபா.

“ஆடட்டும்” என்றார்.

அன்று சாயங்காலம் மந்திரமூர்த்தி குழுவில் தன் வாழ்க்கையிலேயே முதல் போட்டோவைப் போட்டார். சாம் வீட்டு ஜன்னலில் சாரலுக்கு நடுவே அவர் செய்த பெட்டி. அடுத்த நிமிஷத்திலிருந்து வந்து குவிந்தது. சாம், கல்யாண மாப்பிள்ளை, முதல் ஆளாக எழுதியிருந்தான்: “இடைவெளி தெரியுது.” அப்புறம் நஸீபா, வெங்கடேஸ்வரன், பேர் தெரியாத ஊர்க்காரர்கள், சோறு இறங்காமல் போனவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள்: இடைவெளி தெரியுது, இடைவெளி தெரியுது. மந்திரமூர்த்தி ஒன்று விடாமல் ஆவுடையம்மாளுக்குப் படித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

“பதில் போடலியா?” என்றாள் அவள்.

அவர் யோசித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்:

“ஆமா. தாலி அது வழியாத்தான் வந்துச்சு.”